முட்டைப் பூச்சு முதல் மட்டப்பா வரை: வாசகர் கேள்வி – பதில்

செட்டிநாட்டு மாளிகைகள், சென்னையின் நூற்றாண்டுக் கட்டடங்கள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் பாட்டையா காலத்து வீட்டில் வளவின் (முற்றத்தைச் சுற்றிய பகுதி) சுவர் முழுக்க முட்டைப் பூச்சு (வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய சுண்ணாம்புப் பூச்சு). மேலே இன்னும் கண்ணாடி மாதிரி இருக்கிறது. கீழே மூன்று அடி உயரத்துக்குப் பொரிந்து உதிர்கிறது. கொத்தனார் அந்த மூன்றடியைக் கொத்திவிட்டு சிமெண்டு பூசிவிடலாம் என்கிறார். செய்யலாமா? (காரைக்குடி வாசகி)

பதில்: தயவுசெய்து வேண்டாம். உங்கள் சுவரில் ஏறியிருப்பது ஓதம். பழைய சுவர்களில் இன்றைக்குப் போடுவது போல ஈரத்தடுப்புப் பட்டை கிடையாது. தரையின் ஈரம் செங்கல் வழியாக மேலே ஏறும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தைக் காற்றில் விட்டுவிடும். ஈரம் ஆவியாகும் இடத்தில் அதோடு வந்த உப்பு தங்கிப் படிகமாகும். அந்தப் படிகம் வளரும்போதுதான் பூச்சைத் தள்ளி உதிர்க்கிறது. உப்புப் பூத்திருக்கிறது என்று கொத்தனார்கள் சொல்வது இதைத்தான்.

அந்த இடத்தில் சிமெண்டு பூசினால் ஈரம் வெளியேற வழியில்லை. அது சிமெண்டுக்குப் பின்னாலேயே ஏறி, பூச்சு முடியும் இடத்துக்கு மேலே தலை நீட்டும். மூன்றடியில் நின்ற ஓதம் ஐந்தடிக்குப் போகும். இப்போது நன்றாக இருக்கும் மேல் பூச்சும் போய்விடும். சிமெண்டிலேயே உள்ள கரையும் உப்புகள் செங்கலுக்குள் இறங்குவது இன்னொரு கேடு.

முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். செட்டிநாட்டு வீடுகளை உயரமான அடித்தளத்தில்தான் கட்டினார்கள். ஆனால் தெருவுக்குச் சாலை மேல் சாலை போட்டதில் அந்த உயரம் குறைந்துபோன இடங்கள் நிறைய. சுவரை ஒட்டி வெளியே சிமெண்டுத் தளம் போட்டிருக்கிறீர்களா? பின்னாளில் கட்டிய குளியலறைக் குழாய் அந்தச் சுவருக்குள் ஓடுகிறதா? கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய் சுவரடியிலேயே கொட்டுகிறதா? இந்த மூன்றில் ஒன்று பெரும்பாலும் அகப்படும். சுவரை ஒட்டிய சிமெண்டுத் தளத்தை ஒன்றரை அடி அகலத்துக்கு உடைத்தெடுத்து ஜல்லி நிரப்பினாலே ஈரம் இறங்கத் தொடங்கும்.

பிறகு உதிரும் பூச்சை, கறை தெரியும் இடத்துக்கு ஓரடி மேல் வரை கை உளியால் எடுங்கள். இயந்திரம் வைக்க வேண்டாம், அதிர்ச்சியில் மேல் பூச்சும் விட்டுவிடும். செங்கல் இணைப்புகளை முக்கால் அங்குலம் சுரண்டுங்கள். உப்பை உலர்ந்த பிரஷால் தட்டித் துடைத்து அள்ளிக் கொட்டுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு மறுபடி சுவருக்குள்தான் போகும். ஒரு முழுக் கோடை சுவரைத் திறந்தபடி காய விடுங்கள். அதன்பின் சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு கலந்து சொரசொரப்பாக ஒரு பூச்சு. இது மிச்ச உப்பை வாங்கிக்கொள்ளத்தான், உதிர்ந்தால் கவலை வேண்டாம். ஓராண்டு இரண்டாண்டு கழித்து, உப்புப் பூப்பது நின்ற பிறகுதான் மேல் பூச்சைப் பற்றி யோசிக்க வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் இந்த இடத்தில்தான் பணத்தை இரண்டு முறை செலவழிக்கிறார்கள்.

கேள்வி: முட்டைப் பூச்சில் உண்மையிலேயே முட்டைதானா? என்ன அளவு? இப்போது செய்ய முடியுமா? (மதுரை வாசகர்)

பதில்: முட்டையின் வெள்ளைக்கரு உண்டு, ஆனால் கடைசிப் பூச்சில் மட்டும். முட்டை கலந்ததால்தான் சுவர் நூறாண்டு நிற்கிறது என்று சுற்றுலா வழிகாட்டிகள் சொல்வது சரியில்லை. சுவரை நிறுத்துவது செங்கல்லும் சுண்ணாம்பும். வெள்ளைக்கருவில் உள்ள புரதம் சுண்ணாம்போடு சேர்ந்து மேற்பரப்பை இறுக்கமாக்கும், தண்ணீர் ஒட்டாமல் செய்யும், மெருகு ஏற உதவும். அதன் வேலை அவ்வளவுதான்.

சென்னை மாகாணத்தில் இந்த வேலை மூன்று பூச்சாக நடந்தது. முதல் பூச்சுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு, ஒன்றரைப் பங்கு ஆற்று மணல். அதை வெல்லத் தண்ணீர் விட்டு இடித்து, ஏறத்தாழ அரை அங்குலக் கனத்தில் பூசுவார்கள். இரண்டாம் பூச்சில் சலித்த சுண்ணாம்பு மூன்று பங்கு, வெள்ளை மணல் ஒரு பங்கு, அரைத்துப் பூசியது. மூன்றாவதுக்கு மிகச் சுத்தமான சுண்ணாம்பு நான்கு பங்கு, மிக நுண்ணிய வெள்ளை மணல் ஒரு பங்கு. இதை அம்மியில் சந்தனம் போல அரைத்து, வெள்ளைக்கருவும் கொஞ்சம் தயிரும் நெய்யும் சேர்த்துக் குழைப்பார்கள். இந்தப் பூச்சு மிக மெல்லியது. இரண்டாவது முழுக்கக் காய்வதற்குள் இதைப் பூசியாக வேண்டும், இல்லாவிட்டால் தோலாக உரிந்துவிடும்.

மெருகுதான் இதில் கடினமான வேலை. வழவழப்பான கூழாங்கல்லாலோ ஸ்படிகக் கல்லாலோ, மாக்கல் பொடியைத் தூவித் தூவி, பூச்சு இறுகும் வரை தேய்க்க வேண்டும். தேய்த்து முடித்த சுவர் அடுத்த ஒரு நாள் வியர்க்கும். முத்து முத்தாக நீர் அரும்பும். அதை மெல்லிய துணியால் அவ்வப்போது ஒற்றி எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு மணி நேரம் கவனிக்காமல் விட்டால் அந்தத் துளிகள் மங்கிய புள்ளிகளாக நின்றுவிடும், பிறகு எடுக்கவே முடியாது. பழைய சுவரில் அரிசி அளவு மங்கல் புள்ளிகள் தெரிந்தால் காரணம் இதுதான்.

இன்றைக்கும் செய்யலாம், செய்பவர்களும் இருக்கிறார்கள். கடை மூட்டையில் வரும் பவுடர் சுண்ணாம்பு மட்டும் உதவாது. கிளிஞ்சல் சுண்ணாம்போ நல்ல கல் சுண்ணாம்போ வாங்கி நீற்றி (தண்ணீரில் போட்டுத் தணித்து), தண்ணீருக்கடியில் குறைந்தது சில வாரம் வைக்க வேண்டும். மூன்று மாதம் வைத்தால் இன்னும் நல்லது. முழுக்க நீறாத குருணை ஒன்று உள்ளே இருந்தாலும், சுவரில் ஏறியபின் நீறி ஊதி, பொட்டுப் பொட்டாகப் பூச்சு தெறிக்கும். நீற்றும்போது தண்ணீரில் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். சுண்ணாம்பின் மேல் தண்ணீரைக் கொட்டினால் கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வையே போய்விடும். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம்.

கேள்வி: ரிப்பன் மாளிகை வெள்ளை, பக்கத்திலேயே இருக்கும் விக்டோரியா பப்ளிக் ஹால் சிவப்பு. வெள்ளை அடிக்காமல் விட்டார்களா? (சென்னை வாசகர்)

பதில்: இரண்டும் செங்கல் கட்டடங்கள்தான், கட்டிய முறைதான் வேறு. ரிப்பன் மாளிகையில் செங்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் கட்டி மேலே சுண்ணாம்பே பூசினார்கள். பூச்சு மூடிவிடும் என்பதால் உள்ளே இருக்கும் கல்லின் நிறம் முன்னே பின்னே இருக்கலாம், அலங்காரத்தைச் சாந்திலேயே இழுத்துவிடலாம். தூண், வளைவு, விளிம்புக் கோடு என்று ஐரோப்பிய செவ்வியல் பாணிக்கு இந்த வெள்ளைப் பூச்சு பொருந்தியது.

விக்டோரியா ஹால் 1880-களின் கட்டடம். ராபர்ட் ஃபெலோஸ் சிஷோம் வடிவமைத்தார், நம்பெருமாள் செட்டியார் கட்டினார். கோபுரத்துக்குத் திருவாங்கூர் பாணிக் கூரை வைத்திருப்பதைக் கவனியுங்கள். இங்கே செங்கல்தான் முகம். 1892-இல் திறந்த உயர் நீதிமன்றமும் 1908-இன் எழும்பூர் ரயில் நிலையமும் இந்த வழியில் வந்தவை. செங்கல் முகமாக இருந்தால் ஒவ்வொரு கல்லும் ஒரே நிறமாக, விளிம்பு உடையாமல், சீராகச் சுட்டதாக இருக்க வேண்டும். இணைப்பு மெல்லியதாக இருக்க வேண்டும். மேலே பூசி மறைக்க வழியில்லாததால் கொத்து வேலை அங்கே அப்படியே தெரியும்.

இந்தச் சிவப்புக் கட்டடங்களுக்கு வரும் ஆபத்தும் வேறு. இணைப்புச் சுண்ணாம்பு தேய்ந்தபின் அதைச் சிமெண்டால் அடைத்தால், ஈரம் இணைப்பு வழியாக வராமல் செங்கல் வழியாக வரும். சில ஆண்டுகளில் சிமெண்டுக் கோடுகள் மட்டும் துருத்தி நிற்க, செங்கல்லின் முகம் பொடியாகிக் குழி விழும். பழைய சிவப்புச் சுவர் எதிலாவது தேன்கூடு மாதிரி தெரிந்தால், அங்கே யாரோ சிமெண்டு வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். சாந்து எப்போதும் கல்லைவிட மெலிந்ததாக இருக்க வேண்டும். சாந்து தேய்ந்தால் மறுபடி வைக்கலாம், கல் போனால் போனதுதான்.

கேள்வி: ரிப்பன் மாளிகைக்கு அப்போது எவ்வளவு செலவானது? (திருவள்ளூர் வாசகி)

பதில்: ஏழரை லட்சம் ரூபாய். ஹாரிஸ் வடிவமைக்க, லோகநாத முதலியார் கட்டினார். 1909-இல் அடிக்கல், 1913-இல் திறப்பு. 1688-இல் தொடங்கிய சென்னை மாநகராட்சிக்கு இது தலைமையிடமாயிற்று.

கேள்வி: எங்கள் மாடி பழைய மட்டப்பா (மரச் சட்டங்களின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்த தட்டைத் தளம்). மழைக்கு ஒழுகுகிறது. மேலே நான்கு அங்குலம் கான்கிரீட் போட்டுவிட்டால் நின்றுவிடும் என்கிறார்கள். (தேவகோட்டை வாசகர்)

பதில்: ஒழுக்கு கொஞ்ச நாள் நிற்கலாம். உத்தரங்கள் நிற்குமா என்பதுதான் கேள்வி. நான்கு அங்குலக் கான்கிரீட் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 240 கிலோ. பத்தடிக்குப் பத்தடி அறைக்கு இரண்டே கால் டன் புதிதாக ஏறுகிறது. அந்த மரங்கள் இதற்குக் கணக்கிட்டு வைத்தவை அல்ல.

மட்டப்பா எப்படி அமைந்தது என்று தெரிந்தால் எங்கே பார்ப்பது என்பதும் தெரியும். மெட்ராஸ் டெரஸ், கட்டைக்குத்து ஒட்டு என்று சென்னையில் சொல்வதும் இதுவே. சுவரிலிருந்து சுவருக்குத் தேக்குச் சட்டங்கள். அவற்றின் மேல் ஓர் அங்குலக் கனமுள்ள சின்னஞ்சிறு செங்கற்களைக் குறுக்குச் சாய்வாக, நிறுத்தின வாக்கில், சுண்ணாம்புச் சாந்து தடவி ஒன்றோடொன்று ஒட்டவைத்துக்கொண்டே போவார்கள். அடியில் பலகை முட்டு கிடையாது. அது இறுகியதும் மேலே நான்கு அங்குலத்துக்குச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும். மூன்று நாள் போல ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் குத்துவார்கள், நான்கு அங்குலம் மூன்றாக இறங்கும் வரை. இடையிடையே கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் தெளிப்பார்கள். கடுக்காயின் துவர்ப்புச் சத்து சாந்தைக் குழைவாக வைத்து, அவசரமாக இறுகி வெடிக்காமல் காக்கும். கடைசியில் இரண்டு மூன்று வரிசை தட்டோடு, அதாவது தட்டையான சுட்ட ஓடு. வாட்டம் முப்பதுக்கு ஒன்று, அதாவது பத்தடிக்கு நான்கு அங்குலம்.

ஒழுக்கு பெரும்பாலும் மூன்று இடத்தில்தான். கைபிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை, தண்ணீர் வெளியேறும் தூம்பு வாய், தட்டோட்டு இணைப்பு. கறை சுவரோரமாக இருந்தால் முதல் இரண்டு, அறை நடுவே இருந்தால் மூன்றாவது. மாடியில் தண்ணீரைத் தேக்கிச் சோதிக்காதீர்கள். அது எடையும் கூட, தளம் முழுக்க ஊறவும் செய்யும். ஈரக் கோணியை ஓரிடத்தில் விரித்து, சில மணி நேரம் நனைத்து, கீழே பார்த்துவிட்டு அடுத்த இடத்துக்கு நகர்த்துங்கள். இடம் தெரிந்ததும் அந்த ஓடுகளை மட்டும் எடுத்து, சுண்ணாம்பும் செங்கல் தூளும் கலந்த சுர்க்கிச் சாந்தில் மறுபடி பதியுங்கள். முன்பு யாராவது தார் ஷீட் ஒட்டியிருந்தால் அதையும் எடுத்துவிட வேண்டும். அதன் அடியில் ஈரம் ஆண்டுக்கணக்கில் தங்கியிருக்கும்.

இதைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது, சட்டங்கள் சுவருக்குள் நுழையும் முனை. பர்மா தேக்கு என்றால் செல்லரிக்காது என்ற நம்பிக்கை பாதிதான் சரி. வைரம் பாய்ந்த பகுதியைச் செல் எளிதில் தொடாது. ஓரத்தில் இருக்கும் வெள்ளைப் பகுதியைத் தின்றுவிடும். ஈரச் சுவருக்குள் மாட்டிய முனை செல் இல்லாமலே மக்கும். ஸ்க்ரூ டிரைவரால் அந்த இடத்தில் அழுத்திப் பாருங்கள், அரை அங்குலம் சுலபமாக இறங்கினால் முனை போய்விட்டது. அதன்பின் அமைப்புப் பொறியாளர் இல்லாமல் எதையும் தொடக் கூடாது. முட்டுக் கொடுத்து, மக்கிய முனையை வெட்டி, காய்ந்த தேக்கை இரும்புத் தகடு வைத்து போல்ட் போட்டு இணைப்பது வழக்கம். புதிய முனையைச் சுவர்க்குழியில் வைக்கும்போது சுற்றிலும் கொஞ்சம் காற்றிடம் விட வேண்டும். சந்து தெரிகிறதே என்று சிமெண்டைக் குத்தி அடைப்பவர்கள் அடுத்த மக்கலுக்கு அன்றே நாள் குறிக்கிறார்கள்.

கேள்வி: ஆத்தங்குடிக் கல் தரை மங்கிவிட்டது. ஆசிட் போட்டுக் கழுவி, பாலிஷ் மிஷின் விடலாமா? (புதுக்கோட்டை வாசகி)

பதில்: இரண்டுமே தரையைக் கொன்றுவிடும். ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டமும் பூ அச்சும் வைத்து, ஒவ்வொரு கண்ணறையிலும் வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றி, அச்சை மெல்லத் தூக்கி, மேலே மணலும் சிமெண்டும் கலந்த சாந்தை நிரப்பிச் செய்வது. பிறகு தண்ணீரில் ஊறவைத்து இறுக விடுவார்கள். கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்த முகம் கண்ணாடியின் வழவழப்பையே வாங்கிக்கொள்கிறது. மெருகு அங்கிருந்து வந்ததுதான், மேலே தடவிய பூச்சு எதுவும் இல்லை.

ஆகவே ஆசிட் அந்த முகத்தைக் கரைக்கும், மிஷின் அதைத் தேய்த்தெடுக்கும். வண்ணம் சில மில்லிமீட்டர் ஆழம்தான். பூ போய்விட்டால் திரும்ப வராது. மிதமான சோப்புத் தண்ணீரில் துடையுங்கள். பிடிவாதமான அழுக்குக்கு ஈர உமி போட்டுத் தேய்க்கலாம். காய்ந்தபின் துணியில் சில சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுத் துடைத்தால் நிறம் எழும். எண்ணெய் அதிகமானால் வழுக்கும், புழுதியும் ஒட்டும். தரையின் பளபளப்பு நடக்க நடக்கத்தான் ஏறும். பூட்டிக் கிடந்த வீட்டில் தரை மங்குவது இயல்பு. உடைந்த கல்லுக்கு மாற்று வைக்கும்போது புதுக் கல்லைத் தண்ணீரில் ஊறவைத்துப் பதியுங்கள். காய்ந்த கல் சாந்தின் தண்ணீரை உறிஞ்சிவிடும், பிடிப்பு இருக்காது.

கேள்வி: முகப்பின் மேலிருக்கும் கஜலட்சுமி சுதைக்கு (சுண்ணாம்புச் சிற்பத்துக்கு) பின்னால் அரசங்கன்று முளைத்திருக்கிறது. பிடுங்கிவிடலாமா? (கோட்டையூர் வாசகர்)

பதில்: விரல் கனத்துக்குள் இருந்தால், மழை முடிந்த ஈரத்தில் மெல்ல எடுக்கலாம். அதற்கு மேல் தடித்திருந்தால் இழுக்க வேண்டாம், வேரோடு சுதையும் வரும். அரையடி விட்டு வெட்டி, தண்டில் துளையிட்டு வேர்க்கொல்லி மருந்தை ஊற்றி மூடுங்கள். துளிர்த்தால் மறுபடி வெட்டுங்கள். முழுக்கக் காய்ந்தபின் வேர் சுருங்கும். அப்போது எட்டிய மட்டும் எடுத்து, வெடிப்பைச் சுண்ணாம்புக் குழம்பால் நிரப்பலாம். வெறுமனே வெட்டிவிட்டுப் போவது கத்தரித்து வளர்ப்பதற்குச் சமம், உள்ளே வேர் பருத்துக்கொண்டே இருக்கும்.

கேள்வி: இவ்வளவு பணம் வீட்டிலேயே போட்டவர்கள் பொதுக் கட்டடங்களுக்கு ஏதாவது செய்தார்களா? (திருச்சி வாசகர்)

பதில்: நிறையவே. கானாடுகாத்தான் அரண்மனையைக் கட்டிய ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார்தான் சிதம்பரத்தில் 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உருவாகக் காரணம். தொழிலதிபர் அழகப்பச் செட்டியார், காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அமைய 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார். தாம் குடியிருந்த வீட்டையே பெண்கள் கல்லூரிக்குக் கொடுத்தவர் அவர்.

கேள்வி: பள்ளிப் பிள்ளைகளைச் செட்டிநாட்டு வீடு பார்க்க அழைத்துப் போகிறோம். தரையையும் தூணையும் தவிர எதைக் காட்டலாம்? (திண்டுக்கல் ஆசிரியை)

பதில்: வாசலில் நின்று நேரே உள்ளே பார்க்கச் சொல்லுங்கள். திண்ணை, முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என ஒரே கோட்டில் நிலைவாசல்கள் அடுக்கி நிற்கும், கடைசியில் பின் தெருவின் வெளிச்சம் தெரியும். காற்று அந்தக் கோட்டில்தான் ஓடுகிறது. ரிப்பன் மாளிகை மாதிரிப் பொதுக் கட்டடம் தன் தூண்களைத் தெருவுக்குக் காட்டும், இந்த வீடோ தூண்களை உள்ளே திறந்த முற்றத்தைச் சுற்றி வைத்திருக்கும். இரண்டின் படத்தையும் அருகருகே வைத்துக் காட்டினால் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும்.

அடுத்து முற்றத்தின் நடுவே நின்று அண்ணாந்து பார்க்கட்டும். நான்கு பக்கக் கூரையும் உள்நோக்கிச் சரிந்திருக்கும். மழை வெளியே கொட்டாமல் முற்றத்தில் இறங்கும், அங்கிருந்து அண்டாவுக்கோ கிணற்றுக்கோ போகும். ஓட்டு விளிம்பில் எத்தனை ஓடு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறது என்று எண்ணச் சொல்லுங்கள். வெயில் ஏன் உள்ளே இறங்கவில்லை என்பது அந்த எண்ணிக்கையில் தெரியும்.

கடைசியாக ஒரு சுவர். கையால் தொட வேண்டாம், எண்ணெய்ப் பிசுக்கு முட்டைப் பூச்சில் ஏறிவிடும். சுவரோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் நின்று, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிராகப் பார்க்கச் சொல்லுங்கள். கல் வைத்துத் தேய்த்த கையின் வளைவு வளைவான தடங்கள் அப்போது தெரியும். காலை பத்து மணிக்குள் போனால் வெளிச்சம் தாழ்வாக வரும், இன்னும் நன்றாகத் தெரியும்.